பூவல் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் ஆச்சி வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, “நல்லதண்ணிக்கு என்ன வழி?” என்பதாகத்தான் இருக்கும். அரிசி, மரக்கறி, பந்தல் எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் ஊரான நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். காலுக்குக் கீழே சுண்ணக்கல், சுற்றிவரக் கடல். பெரும்பாலான கிணறுகளில் உவர்த்தண்ணிதான். மாடு குடிக்கும், நாங்கள் குளிப்போம், உடுப்புத் தோய்ப்போம். குடிக்கிற தண்ணீருக்குச் சாராப்பிட்டிப் பக்கம் போவார்கள். எங்கள் பகுதிப் பெண்களுக்குப் பூவல் இருந்தது.

பூவல் என்பது மணற்பாங்கான இடத்தில் ஆளுயரம்கூட வராமல் தோண்டிய சிறு பள்ளம். விடியப்புறம் குடத்தோடு போய் இறங்கிக் குந்தியிருக்க வேண்டும். அடிமணலில் தண்ணீர் கண்ணீர்போல மெல்ல ஊறிவரும். அவசரப்பட்டுச் சிரட்டையை விட்டால் கலங்கிவிடும். மேலால், நுனிச்சிரட்டையால், ஓசைப்படாமல் அள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் பிடிக்கும். பின்னால் நிற்பவர்கள் பொறுத்திருப்பார்கள். ஊர்க் கதைகள் அத்தனையும் எனக்கு அந்த மணல்மேட்டில்தான் தெரியவந்தன. “பொறு பிள்ளை, தெளியட்டும்” என்று ஆச்சி என் கையைப் பிடித்து நிறுத்துவா. கை சில்லென்றிருக்கும்.

எங்கள் வளவுக்கும் பெரியம்மா வளவுக்கும் நடுவே கல்வேலி. கடற்கரையிலும் நிலத்திலும் கிடைக்கும் பவளக் கற்களைச் சாந்து சீமெந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலி அது. ஊர் முழுக்க இப்படித்தான். அதில் ஓர் இடத்தில் இரண்டு அடுக்குக் கற்களை எடுத்து, தாண்டிப் போகக் கடவை விட்டிருந்தார்கள். அதற்கு மேலால் போய்வந்த செம்புகளுக்குக் கணக்கில்லை. “ஒரு செம்பு தா, பின்னேரம் தாறன்” என்று வாங்கிய நல்லதண்ணியை யாரும் தராமல் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கொழும்பில் வேலை பார்த்த மாமாக்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு வருவார்கள். படகு வரும் நேரத்துக்கு முன்னமே இறங்குதுறையில் பாதி ஊர் நிற்கும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ முற்றத்தில் ஒடியற்கூழ். ஒடியல் மாவை ஊறவிட்டு, காறல் போக வடித்தெடுக்க நிறையத் தண்ணீர் வேண்டும். உவர்த்தண்ணியில் கரைத்தால் கூழ் கூழாக இராது. ஆகவே முதல் நாளே ஐந்தாறு வீட்டுக் குடங்கள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். மீன் தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் பெரிய பானையில் வெந்துகொண்டிருக்க, அப்பு பனையோலையில் பிளா கோலுவார். ஓலையை நடுவால் மடித்து, நுனிகளைச் சேர்த்துக் கட்டி, தோணிபோல விரித்துக் கையில் தருவார். சுடுகூழ் பட்டதும் பச்சையோலையிலிருந்து ஒரு மணம் எழும். கூழின் ருசியில் பாதி அந்த மணம்தான் என்பேன். குடித்து முடிந்ததும் பிளாவை நக்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

ஆனால் எங்களுக்குப் பெருநாள் என்றால் கச்சதீவு அந்தோனியார் கோயில் பெருநாள்தான். நாங்கள் சைவக் குடும்பம். அதனால் என்ன, தொலைந்த மாடு திரும்பி வந்ததற்கும் அந்தோனியாருக்கு நேர்த்தி இருந்தது. குடிக்கத் தண்ணீரே இல்லாத, ஆள் வசிக்காத தீவு கச்சதீவு. நெடுந்தீவிலிருந்து புறப்படும் வள்ளங்களில் ஆட்களுக்கு முன்னம் தண்ணீர்தான் ஏறும். மறுபக்கம் இந்தியக் கரையிலிருந்து இராமேசுவரம், தங்கச்சிமடம் சனம் வந்து இறங்கும். இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கட்டியதாகச் சொல்லும் சிறிய கோயில். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் சுருபப் பவனி, காலையில் திருப்பலி. இடையில் கடற்கரை மணலில் பண்டமாற்று: எங்கள் பக்கத்துச் சவர்க்காரத்துக்கும் தேங்காயெண்ணெய்க்கும் அவர்கள் பக்கத்துச் சேலையும் சாரமும். 1974இல் தீவு எந்த நாட்டுக்கு என்று இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் எழுதின. அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் வள்ளங்கள் வந்தன.

ஒருமுறை தங்கச்சிமடத்து அம்மா ஒருத்தி, மடியில் காய்ச்சல்காரப் பிள்ளை, எங்கள் குடத்தைப் பார்த்தபடி இருந்தா. கேட்கவில்லை. ஆச்சி செம்பை நீட்டினா. பிள்ளைக்குப் பருக்கிவிட்டுத் தானும் ஒரு மிடறு குடித்து, “இனிப்பாருக்குங்க, எந்தூருத் தண்ணி?” என்று அந்த அம்மா கேட்டா. “எங்கட பூவல் தண்ணி பிள்ளை” என்று சொல்லும்போது ஆச்சியின் முகத்தில் இருந்த பெருமையை நான் பிறகு வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் நான் கடைசியாகக் கச்சதீவுக்குப் போனது 1982இல். பிறகு யுத்தம், பெருநாளும் நின்றது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன எங்கள் சனத்தைக் கடலின் நடுவே வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளையும் விடவில்லை. வருடப்பிறப்புக்கு மாமாக்களைக் கொண்டுவந்து இறக்கிய படகு அது. அந்தப் பெயரை இன்றும் என்னால் இயல்பாகச் சொல்ல முடிவதில்லை. அதன் பிறகு வீடு வீடாக ஊர் கழன்றது. பெரியம்மா வவுனியாவுக்கு, நாங்கள் கொழும்புக்கு, பிறகு கனடாவுக்கு.

ரொறொன்ரோவில் கோடைக்கு ஊர் ஒன்றுகூடல் வைப்போம். கூழும் காய்ச்சுவோம். குழாயைத் திறந்தால் நல்லதண்ணி கொட்டுகிறது, நண்டும் இறாலும் தாராளம். கடதாசிக் கோப்பையில் வாங்கிக் குடிக்கும் என் பேரப்பிள்ளைக்கு ஓலை மணத்தை எப்படிச் சொல்வது? வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். பின்னேரம் அவரவர் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். செம்பு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் ஒருவருக்கும் இல்லை.

சில வருடங்களுக்கு முன், மீண்டும் தொடங்கியிருந்த கச்சதீவுப் பெருநாளுக்குப் போனேன். 2016இல் கட்டிய புதுக் கோயில், சோதனை, வரிசை, போத்தல் தண்ணீர். செபம் மட்டும் அதே இராகத்தில் இருந்தது. அந்தக் குரலுக்குள் நின்று அழுதேன்.

திரும்பும் வழியில் நெடுந்தீவில் இறங்கி எங்கள் வளவைப் பார்த்தேன். கூரை இல்லை. கல்வேலி ஒரு கல்லும் பிசகாமல் நிற்கிறது, கடவையும் அப்படியே. தாண்டிப் பெரியம்மா வளவுக்குள் இறங்கினேன். பனம்பாத்தி இருந்த இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன.

பூவல் தூர்ந்துபோயிருந்தது. குந்தியிருந்து கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாக வந்தது. ஊறித் தெளிய இன்னும் நேரம் வேண்டும். இறங்குதுறையிலிருந்து படகின் ஊதல் கேட்டது.