பழைய பென்ஸும் பள்ளி ஆசிரியரும்



இன்றைய பதிவு இலக்கணம் பற்றியதன்று. தேர்வு வழிகாட்டியும் அன்று. பல ஆண்டுகளாக என்னிடம் பலரும் கேட்டுவரும் ஒரு கேள்விக்கான விடை இது. "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பென்ஸ் எதற்கு?" என்பதே அக்கேள்வி. சிலர் வியந்து கேட்கின்றனர்; சிலர் நகைத்துக் கேட்கின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஓர் அன்பர், "சாருக்கு லாட்டரி விழுந்துவிட்டதா?" என்றே கேட்டுவிட்டார்.

லாட்டரி எதுவும் விழவில்லை. என் மகிழுந்து 1994ஆம் ஆண்டில் பதிவுசெய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் இ220. அதனை 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 13,500 வெள்ளிக்கு வாங்கினேன். புதிதாக இருந்த காலத்தில் எங்கள் ஊர் வரிசை வீடு ஒன்றின் விலைக்குக் குறையாமல் விற்ற வண்டி அது. நான் வாங்கியபோது அதன் விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்கு இறங்கியிருந்தது.

விலை ஏன் இப்படி இறங்குகிறது? வண்டி கெட்டுவிட்டது என்பதனால் மட்டுமன்று. முதலாவதாக, மிகப் பழைய வண்டிகளுக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. கையில் ரொக்கம் உள்ளவரே வாங்க முடியும். இரண்டாவதாக, தீபகற்ப மலேசியாவில் சாலை வரி பொறியின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. தனியார் பெயரில் உள்ள 1.5 லிட்டர் மகிழுந்துக்கு ஆண்டு வரி 90 வெள்ளி. என் வண்டியின் பொறி 2199 சிசி. அதற்கு 579 வெள்ளி. 3199 சிசி கொண்ட வண்டியாயின் 3,025 வெள்ளி 50 காசு! பொறி இருமடங்கைச் சற்றே தாண்டுகிறது. வரியோ முப்பது மடங்கைத் தாண்டுகிறது. மூன்றாவதாக, வண்டியின் விலை இறங்கினாலும் உதிரிப் பாகங்களின் விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை. யானையை மலிவாக விற்பார்கள். தீனியை மலிவாக விற்கமாட்டார்கள்.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு 1990 முதல் நடைமுறையில் உள்ள உரிமைச் சான்றிதழ் முறையின்படி, மகிழுந்தை வைத்திருக்கும் உரிமை பத்தாண்டுகளுக்கே. அதன்பின் அன்றைய விலையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். எனவே முப்பது வயது வண்டியை மலிவாக வாங்கி ஓட்டும் பழக்கம் அங்கு வேரூன்ற வழியில்லை. இந்த இன்பம் பெரும்பாலும் நம் பக்கத்துக்கே உரியது.

என்ன இன்பம்?

இந்த வகை வண்டியை அதன் பிரியர்கள் டபிள்யூ124 என்பார்கள். 1984ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது; புரூனோ சாக்கோ என்னும் வடிவமைப்பாளரின் தலைமையில் உருவானது. அவர் 2024ஆம் ஆண்டு மறைந்தார். கண்ணைப் பறிக்கும் அலங்காரம் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கண்ணாடி துடைப்பான் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது வெறுமனே வட்டமடிப்பதில்லை, மூலைகளை நெருங்கும்போது தன் கையை நீட்டிக்கொள்ளும், நடுவில் சுருக்கிக்கொள்ளும். அதனால் முன்கண்ணாடியின் 86 விழுக்காட்டுப் பரப்பைத் துடைத்துவிடும். நம் நாட்டு மாலை மழையில் அந்த ஒற்றைக் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களை விளக்கும்போது மாணவர்களை வாகன நிறுத்துமிடத்துக்கே அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன்.

இருக்கைகள் தடித்தவை. உட்கார்ந்தவுடன் கடினமாகத் தோன்றும். மூன்று மணி நேரம் கழித்து இறங்கும்போதுதான் அவற்றின் அருமை புரியும். தானியங்கிக் கியர்பெட்டி வழக்கமாக இரண்டாம் கியரில்தான் புறப்படும். ஆகவே விளக்கு பச்சையானதும் பாய்ந்தோடாது; பெரியவர் எழுந்து நடப்பதுபோல் நிதானமாக நகரும். சுங்கை பட்டாணியிலிருந்து ஈப்போ வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பின்னிருக்கையில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். அந்த நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் 1994இல்தான். சாலையும் வண்டியும் ஒரே வயது என்று நான் என் துணைவியாரிடம் சொல்வதுண்டு. "சாலையைப் பலமுறை புதுப்பித்துவிட்டார்கள்" என்பது அவருடைய மறுமொழி.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய சொகுசு வண்டி வாங்கினால் பணம் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். நான் வண்டி வாங்கிய நாள் முதல் ஒரு குறிப்பேட்டில் செலவை எழுதி வருகிறேன். 2017 முதல் 2025 வரையிலான ஒன்பது ஆண்டுக் கணக்கைக் கீழே தருகிறேன்.

வாங்கிய விலை 13,500 வெள்ளி. முதலாண்டில் டயர்கள், பொறியைத் தாங்கும் ரப்பர்கள், குளிரூட்டியின் ஆவியாக்கி எனச் செலவு 6,800 வெள்ளி. ஆவியாக்கியை மாற்ற முகப்புப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். பொருளின் விலையைவிடக் கூலி பெரிது. அதன்பின் எட்டு ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2,400 வெள்ளி, ஆக 19,200. மொத்தம் 39,500 வெள்ளி.

இதனை ஒரு புதிய 1.5 லிட்டர் மகிழுந்தோடு ஒப்பிடுவோம். விலை 60,000 வெள்ளி எனக் கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் போக, 54,000 வெள்ளிக்கு ஒன்பது ஆண்டுக் கடன். 2017இல் வழக்கிலிருந்த நிலை வட்டி முறையில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 14,580. மாதத் தவணை 635 வெள்ளி, 108 மாதங்கள். முன்பணத்தையும் சேர்த்தால் 74,580. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 800 வீதம் 7,200. ஒன்பது ஆண்டு முடிவில் அவ்வண்டி 25,000 வெள்ளிக்கு விலைபோகும் எனக் கொண்டால் நிகரச் செலவு 56,780 வெள்ளி.

என் வண்டி எண்ணெய் அதிகம் குடிக்கும். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான். புதிய வண்டியோ 15 கிலோமீட்டர் ஓடும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு ஏறத்தாழ 530 லிட்டர் கூடுதல் தேவை. அதற்குச் சுமார் 1,100 வெள்ளி. ஒன்பது ஆண்டுக்கு 9,900. சாலை வரியில் கூடுதல் 4,401. இவற்றைச் சேர்த்தால் என் செலவு 53,801 வெள்ளி.

கண்டீர்களா? வேறுபாடு 3,000 வெள்ளிக்குள். என் வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பதை நான் சேர்க்கவில்லை; பழைய வண்டியின் விலை வாங்குபவர் வந்து நிற்கும் நாளில்தான் தெரியும். பட்டறையில் வண்டி நின்ற நாள்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்ததையும் சேர்க்கவில்லை. ஆகவே, மலிவான பழைய வண்டி மலிவன்று. மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமே.

அப்படியானால் ஆதாயம் எங்கே? கடன் இல்லாமையில் இருக்கிறது. 2017இல் என் மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஒவ்வொரு மாதமும் 635 வெள்ளி வங்கிக்குப் போகவில்லை. பழுது வந்த மாதத்தில் செலவு செய்தேன். வராத மாதத்தில் அப்பணம் மகளின் விடுதிக்கும் நூல்களுக்கும் சென்றது. தவணை காத்திருக்காது, பழுதில் சில காத்திருக்கும். குளிரூட்டி இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினால் வியர்க்கும், அவ்வளவுதான்.

யார் வாங்கக் கூடாது?

இப்பதிவை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி இதுதான். என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் பிறை தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். சம்பளம் 2,500 வெள்ளி. என் வண்டியைப் பார்த்துவிட்டு, "சார், நானும் ஒன்று வாங்கப் போகிறேன்" என்றார். அவர் பார்த்து வைத்திருந்தது 3.2 லிட்டர் பொறியும் காற்றுத் தொங்கலும் உடைய பெரிய சொகுசு வண்டி. விலை 20,000 வெள்ளி. வண்டிக் கடன் கிடைக்காததால் தனிநபர் கடன் வாங்க எண்ணியிருந்தார். மேற்கண்ட கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டினேன். சாலை வரி மட்டுமே அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது என்றேன். "தம்பி, ரொக்கமாக வாங்க முடியாத பழைய வண்டியை வாங்காதீர்கள்" என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் வாங்கினார். தங்கையின் திருமணத்தில் மணமக்கள் அதில்தான் வந்தார்கள். அன்று அவருடைய தாயார் முகத்தில் இருந்த பெருமையை நானும் கண்டேன். அதனைச் சிறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மக்கள் துரைமார்களின் வண்டிகளைத் துடைத்துக் கழுவிய காலம் வெகுதொலைவில் இல்லை. அந்த நட்சத்திரங்களும் சின்னங்களும் நம் வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் எட்டு மாதங்களில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து அமர்ந்துவிட்டது. இப்போது வீட்டோரம் நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கடனுக்கு இன்னும் மூன்றாண்டு பாக்கி. அவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். ஆசையைக் குறை கூறமாட்டேன். ஆசையைக் கடனில் வாங்குவதைத்தான் கூடாது என்கிறேன்.

வாங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்:

1. வாங்கும் விலையில் பாதியையாவது முதலாண்டுப் பழுதுக்காகத் தனியே எடுத்து வையுங்கள். அத்தொகை இல்லையெனில் வண்டியும் வேண்டா.

2. காலையில், பொறி குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

3. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தை மறந்துவிடலாகாது. நீரில் நின்ற வண்டியின் இருக்கைத் தண்டவாளத்தில் துருவும், விரிப்பின் அடியில் மண்ணும் இருக்கும்.

4. 1990களின் முற்பகுதி பென்ஸ் வண்டிகள் பலவற்றில் பொறி வயர்களின் மேலுறை வெப்பத்தில் நொறுங்கும் தன்மையுடையது. அது மாற்றப்பட்டதா என்று பட்டறைச் சீட்டைக் கேளுங்கள்.

5. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பழுதுச் சீட்டுகளை நம்புங்கள். சட்ட எண்ணும் பொறி எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்க வேண்டும்.

6. முதலில் பட்டறையைத் தேடுங்கள். பிறகு வண்டியைத் தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து அரைமணித் தொலைவில் அவ்வகை வண்டியை அறிந்த கைவினைஞர் இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.

7. நட்சத்திரச் சின்னம்தான் வேண்டும் என்பதில்லை. வோல்வோ வண்டிகள் 1967 முதல் ஷா ஆலாமில் பொருத்தப்பட்டு வருபவை. 1995இல் வந்த நம் பெர்டானாவும் உண்டு. ஆனால் "உள்நாட்டு வண்டி, செலவு குறைவு" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டா. 2008ஆம் ஆண்டு திரெங்கானு மாநில அரசு, பெர்டானா வண்டிகளின் பராமரிப்புச் செலவு மிகுதி என்று காரணம் கூறித்தான் மெர்சிடிஸ் வண்டிகளை வாங்கியது. நாடே அதைப் பற்றி வாதிட்டது.

இறுதியாக ஒன்று. பழைய வண்டி கனமானது, ஆகவே பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். அக்காலத்தில் அது உயர்ந்த பாதுகாப்பே. ஆனால் இன்று ஒரு நடுத்தர வண்டியிலும் உள்ள மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு என் வண்டியில் இல்லை. பக்கக் காற்றுப்பைகள் இல்லை. குழந்தை இருக்கையை நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் இல்லை. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயமாகியுள்ளது. இடைவாரால் இருக்கையைக் கட்டலாம்தான். எனினும் சென்ற ஆண்டு, தன் கைக்குழந்தையோடு ஈப்போவுக்குப் புறப்பட்ட என் மகள், "அப்பா, உங்கள் வண்டி எனக்குப் பிடிக்கும். ஆனால் பாப்பாவை இதில் ஏற்றமாட்டேன்" என்றாள். எந்த வண்டியின் சிக்கனத்தில் அவள் படித்தாளோ, அந்த வண்டியைப் பற்றி அந்தப் படிப்பைக் கொண்டே தீர்ப்பளித்தாள். அவள் சொன்னது சரி. இரண்டு வண்டிகளில் சென்றோம். அவர்கள் முன்னே, நாங்கள் பின்னே. தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டது.

எனவே நண்பர்களே, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரே வண்டிதான் என்றால் அது புதிய வண்டியாக இருக்கட்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கையில் ரொக்கம் உண்டு, நல்ல பட்டறை பக்கத்தில் உண்டு, வண்டி ஒரு வாரம் நின்றாலும் வேலை கெடாது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரு குறிப்பேடும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வாங்கிய விலையை எழுதி, அடுத்த பக்கத்தைத் தயாராக வைத்திருங்கள்.