முட்டைச்சோறு

பயணக் கட்டுரை எழுதும் தகுதி எனக்கில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் ஒரே ஒரு முறை, 2024 மே விடுமுறையில், பன்னிரண்டு நாட்கள் டோக்கியோவில் தம்பியின் வீட்டில் தங்கிவிட்டு வந்தவன் நான். பார்த்தே ஆக வேண்டியவை என்று சொல்லப்பட்ட கோயில்களையும் கோபுரங்களையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத வல்லவர்கள் பலர் உண்டு. நான் எழுத விரும்புவது ஐந்நூறு யென்னுக்குள் வயிறு நிறைகிற ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி. அங்கே நான் உண்டது ஒரே ஒரு வேளைதான்.

தம்பி குடியிருப்பது எதோகவா வட்டத்தில் உள்ள நிஷிகசாய். இரண்டாயிரமாவது ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்ப்பதற்காக வரவழைக்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் அக்காலத்தில் குடியேறத் தொடங்கிய பகுதி. இன்று தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தமிழ் காதில் விழாமல் நூறடி நடப்பது அரிது. இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்கின்றன. ஆகவே முதல் நான்கு நாட்கள் நான் ஜப்பானில் இருந்தேன் என்பதை என் நாக்கு அறியவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குத் தம்பி என்னை எழுப்பினான்.

"அண்ணா, இன்னிக்கு வெளியில சாப்பிடலாமுங்களா? பக்கத்துலதான்."

நிலையத்தை ஒட்டிய மாட்டிறைச்சிச் சோற்றுக் கடை அது. கியூதோன் என்பார்கள். சோற்றின் மீது வெங்காயத்துடன் வேகவைத்த இறைச்சியைப் பரப்பித் தருவது. 1899-இல் நிஹோன்பாஷி மீன் சந்தையில் சுமைதூக்குவோருக்கும் வியாபாரிகளுக்கும் விரைவாகச் சோறு போடத் தொடங்கிய யோஷினோயா என்னும் கடைதான் இவ்வகைக் கடைகளில் புகழ்பெற்றது. சந்தைக்காரனுக்கு நேரமில்லை, உட்கார்ந்த உடனே கிண்ணம் வர வேண்டும், கிண்ணம் காலியான உடனே எழுந்துவிட வேண்டும். அந்த அவசரம் இன்றும் இக்கடைகளின் இலக்கணமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையோரத்து லாரி ஓட்டுநர்களின் மெஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும்.

வாசலில் ஒரு எந்திரம். படம் பார்த்துப் பொத்தானை அழுத்திக் காசு போட்டால் சீட்டு வருகிறது. நான் தயங்கியதைத் தம்பி கவனித்தான்.

"மாட்டுக்கறி வேண்டாமுங்கண்ணா. காலையில முட்டைச்சோறு போடுவாங்க. அதுதான் வாங்கப் போறேன்."

உள்ளே 'ப' வடிவத்தில் வளைந்த மேசை. நடுவில் பரிமாறுபவர் நடமாட, சுற்றிலும் உயர இருக்கைகளில் தனித்தனி மனிதர்கள். எட்டுப் பேர் இருந்தார்கள். எவரும் எவரோடும் பேசவில்லை. சேலம் பழைய பேருந்து நிலையத்தருகே தட்டுவடை செட்டும் நொறுக்கலும் விற்கிற வண்டிகளைச் சுற்றி நிற்பவர்களும் முன்பின் அறியாதவர்கள்தாம். ஆனால் "காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் "எனக்குக் கம்மியா" என்பார், அதிலிருந்து ஒரு பேச்சு பிறந்துவிடும். இங்கே அமைதிதான் மரியாதை போலும். பரிமாறிய இளைஞர் நேபாளத்து மாணவர் என்று தம்பி சொன்னான். சீட்டை வைத்ததும் தேநீர் வந்தது. அதற்குக் காசில்லை.

அடுத்து வந்தது ஒரு தட்டு. ஆவி பறக்கும் சோறு, மிசோ சாறு, மெல்லிய கடற்பாசித் தாள், ஊறவைத்த காய் கொஞ்சம், ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்துக்குள் ஓடு உடைக்காத முட்டை. பச்சை முட்டை.

வேறு ஊர்க்காரர் எவரேனும் இங்கே அருவருப்பைப் பற்றி எழுதக்கூடும். நான் நாமக்கல்காரன், முட்டையிலிருந்தே படித்து ஆளானவன். மோகனூர் சாலையில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு கொட்டகைகள், மூவாயிரத்துச் சொச்சம் கோழிகள். பெரும் பண்ணைகள் இலட்சக்கணக்கில் வைத்திருந்த ஊரில் அது ஒன்றுமேயில்லை. பள்ளிக்குப் போகும் முன் நானும் அக்காளும் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவோம். அட்டைக்கு முப்பது. நல்ல முட்டை முழுவதும் விற்பனைக்கு; கீறல் விட்டது வீட்டுக்கு. அரசு மதிய உணவில் முட்டை சேர்த்த 1989-இல், பள்ளியில் ஓடு விரியாத ஒரு முழு முட்டையை என் தட்டில் வைத்தபோது அது யாருக்கோ போக வேண்டியது என்றே நினைத்தேன். அக்காள் பெரியவளானபோது அம்மா பச்சை முட்டையை வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் அளந்து கொடுத்ததும் நினைவிருக்கிறது. பச்சை முட்டை எங்களுக்குப் புதிதன்று.

அப்பாவோ நாள்தோறும் ஒன்று குடிப்பார். விடியற்காலையில் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கீறல் விட்ட முட்டை ஒன்றைக் கூண்டுக் கம்பியில் தட்டி, நின்றபடியே அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். பிறகு ஓட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். எதைப் பார்க்கிறார் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

தம்பி முட்டையைக் கிண்ணத்தில் உடைத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் கரு குங்குமப்பூ நிறத்தில் குவிந்து நின்றது. சுற்றிலும் வெள்ளைக் கரு கெட்டியாக அணைகட்டி நின்றது. பழைய முட்டையானால் வெள்ளை நீர்த்து ஓடும். கருவின் நிறம் தீவனத்தின் நிறம்; மக்காச்சோளம் மஞ்சளைத் தரும், சாமந்திப்பூச் சாறும் மிளகாய்ச் சாறும் சேர்த்தால் சிவப்பேறும். அந்நாட்டில் முட்டைக்கு அச்சிடும் நாள், அது கெட்டுப்போகும் நாளன்று. அதுவரை பச்சையாக உண்ணலாம் என்பதன் கணக்கு. அப்படி உண்பதற்கென்றே முட்டையைக் கழுவி, சோதித்து, குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு முந்நூறு முட்டைக்கு மேல் உண்கிற மக்கள். நம் நாட்டுச் சராசரி சுமார் நூறுதான்.

அவ்வளவு உண்பவர்களின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. 675-இல் தென்மு என்னும் பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியையும் ஆண்டின் சில மாதங்களுக்குத் தடை செய்தார். புத்த சமயச் செல்வாக்கில் ஊனுணவின் மீதான விலக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது. முட்டை அதற்கு முன்பே சமையலறைக்குள் புகுந்துவிட்டது. 1785-இலேயே முட்டைப் பக்குவங்களுக்கென நூல் வந்திருக்கிறது. விலக்குகள் சாத்திரத்தில் இருக்கும். அடுப்படி வேறு வழியில் போகும். இதை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் முதுகலை வகுப்பில் எங்கள் பேராசிரியர் சுசுமு ஓனோவைப் பற்றிச் சொல்வார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று வாதிட்டவர்; நம் பொங்கலையும் அவர்களுடைய சனவரி பதினைந்தாம் நாள் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டவர்; 2008-இல் மறைந்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் கருத்தை ஏற்கவில்லை. தேர்வில் மதிப்பெண்ணுக்காக நான் அதை எழுதியிருக்கிறேன், நம்பியதில்லை. ஆனால் அந்த மேசையில், தம்பி சூடான சோற்றில் குழி பறித்து, அடித்த முட்டையை அதில் ஊற்றியபோது, இரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டுகிற எங்கள் அப்பாவின் கை எனக்குத் தெரிந்தது. ஓனோவுக்கு அது சான்றாகாது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. எங்கள் ஊருக்கும் அதற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் அந்நோய் இல்லை. ஆனால் தின்பவர்கள் அஞ்சினார்கள். முட்டை விலை அடக்கத்துக்கும் கீழே போயிற்று. பெரும் பண்ணைகள் தாக்குப்பிடித்தன. அப்பா தீவனக் கடனுக்குக் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கொட்டகைகளைப் பூட்டினார். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அவர் முட்டையைத் தொடவில்லை. "காசு குடுத்து முட்டை வாங்கித் திங்கறதாடா?" என்று ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான்.

(இதே போன்றதொரு கதை இந்தக் கிண்ணத்துக்கும் உண்டு. 2003 இறுதியில் அமெரிக்காவில் ஒரு மாட்டுக்கு நோய் கண்டு, ஜப்பான் இறக்குமதியை நிறுத்த, 2004 பிப்ரவரியில் யோஷினோயா தன் மாட்டிறைச்சிச் சோற்றையே நிறுத்தியது. கடைசி நாளில் மக்கள் வரிசையில் நின்றார்களாம். இரண்டரை ஆண்டுகள் கழித்து அது மீண்டு வந்தது. பெருங்கடைக்கு மீளும் வலு உண்டு.)

அவ்வாண்டுதான் தம்பி பொறியியல் சேர்ந்தான். விரிவுரையாளனாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நான் கடன் வாங்கிக் கட்டினேன். அதை நான் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கணக்கு எழுதியிருக்கிறேன் என்பது 2020-இல்தான் தெரிந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், விடிவதற்கு முன் நான்கு மணிக்கு அப்பா இறந்தார். பன்னாட்டு விமானங்கள் மார்ச்சிலேயே நின்றுவிட்டன. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. தம்பி கைப்பேசித் திரையில் இருந்தான். அக்காள் மகன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுடுகாடு வரை வந்தான். நான் கொள்ளிக்குடம் சுமந்து மூன்றாம் சுற்று வந்தபோது திரை கறுத்திருந்தது. தம்பியே துண்டித்துவிட்டான். அவன் வர இயலாது என்பதை என் அறிவு ஏற்றது. கடைசி இரண்டு நிமிடம் பார்க்கக்கூட முடியாதா என்ற கேள்வியை நெஞ்சு நான்கு ஆண்டுகள் விடவில்லை. 2022-இல் அவன் ஊருக்கு வந்தபோதும் நாங்கள் நிலவரி, வீட்டுக்கூரை, அம்மாவின் மூட்டுவலி ஆகியவற்றையே பேசினோம்.

"சாப்பிடுங்கண்ணா, ஆறிடும்."

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். அவன் சோயா சாற்றை இரண்டு சொட்டு என் சோற்றில் விட்டான். பிறகு என்னைப் பார்க்காமல், எதிரே நடமாடிய நேபாள இளைஞரைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னிக்கு நீங்க போன் பண்ணினப்ப இங்க ஏழரை மணி. வீட்டுல இருக்க முடியலை. இங்க வந்து இதே எடத்துலதான் உக்காந்தேன். முட்டைய ஒடச்சு ஊத்திட்டேன். சாப்பிட முடியலை. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அந்தத் தம்பி ஒண்ணுமே கேக்கலை, ரெண்டு தடவை டீய மட்டும் மாத்தி வச்சிட்டுப் போனாரு."

சற்று நிறுத்தினான்.

"மத்தியானம் நீங்க கொடத்தோட சுத்தி வரும்போது அப்பா மொகம் தெரிஞ்சுதுங்கண்ணா. அதுக்கு மேல பாத்தா அது முடிஞ்சு போயிரும்னு தோணுச்சு. அதான் கட் பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேன். மாசா மாசம் அந்தத் தேதிக்கு இங்க வந்து இதைச் சாப்பிடறேன். அப்பாவுக்குப் படைக்கிற மாதிரி."

நான் பதில் சொல்லவில்லை. நாற்பது நிமிட வகுப்பை ஒரு சொல்லுக்குப் பொருள் விரித்தே ஓட்டிவிடக் கூடியவன். அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை. உணவுக்குச்சி வசப்படாமல், அருகிலிருந்த கரண்டியால் கலந்து வாயில் வைத்தேன். சோற்றின் சூட்டில் முட்டை பாதி இறுகி, பாதி குழைந்து, வழவழப்பாக, இலேசான உப்போடு இருந்தது. கவிச்சி இல்லை. நெய்ச்சோற்றின் தூரத்து உறவு போல ஒரு ருசி. கிண்ணத்தை வழித்துத் தின்றேன். தம்பியும் தின்றான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். எழுந்தபோது அவன் "கோச்சிசோசமா" என்றான். உணவளித்தவருக்கு நன்றி சொல்லும் சொல். அதன் எழுத்துக்களுக்குள் 'ஓடியாடுதல்' என்ற பொருள் இருக்கிறதென்று நடந்து வரும்போது விளக்கினான். விருந்தளிப்பவர் அதற்காக ஓடித் திரிந்திருப்பார் அல்லவா, அதற்கான நன்றி.

"அப்பாவுக்கு இந்த வார்த்தை தெரியாமப் போச்சுண்ணா."

"தெரிஞ்சிருந்தா மட்டும் நாம சொல்லியிருப்பமாடா?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அன்று மாலை அம்மா கைப்பேசியில் கேட்டாள்: "என்ன சாமி சாப்பிட்டீங்க ரெண்டு பேரும்?" முட்டைச்சோறு என்றேன். "காசு குடுத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "செரி, நல்லாத் தின்னுங்க" என்றாள்.

ஊர் திரும்பிய பின் பச்சை முட்டைச் சோற்றை நான் முயலவில்லை. நம் முட்டைகள் அப்படி உண்பதற்காகக் கழுவிச் சோதித்து வருபவை அல்ல. அப்பா குடித்தது வேறு காலம், வேறு உடம்பு. ஆனால் 2025 ஏப்ரலில், அந்த நாளில், விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டது. ஒரு முட்டையை அவித்து, ஓடு உரித்து, ஒரு பிடி சோற்றின் மீது வைத்து அப்பாவின் படத்தின் முன் வைத்தேன். மணி நான்கு. கைப்பேசி ஒலித்தது. திரையில் அந்த வளைந்த மேசையும் ஆவி பறக்கும் கிண்ணமும் தெரிந்தன.

இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அவன் கிண்ணம் காலியாகும் வரை நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை, அவனும்.