ஏழாவது இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் கணக்கில் எழுத வேண்டிய தொகையை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால் இருப்பாய்வு அதைக் காட்டிக் கொடுக்காது. பற்றும் வரவும் சமமாகவே இருக்கும். பாக்கி கேட்டு தவறான ஆள் வீட்டுக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும். இதே பிழையை கம்ப்யூட்டரிலும் செய்யலாம், இன்னும் சுலபமாக!

1992ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸோடு கொடுக்கப்பட்ட நார்த்விண்ட் என்ற மாதிரி டேட்டாபேஸைப் பலர் பார்த்திருப்பார்கள். உணவுப் பொருட்களை ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் கற்பனைக் கம்பெனி அது. பழைய பதிப்பில் 91 வாடிக்கையாளர்கள், 830 ஆர்டர்கள். முதல் வாடிக்கையாளர் பெர்லின் நகரத்து ஆல்ஃப்ரெட்ஸ் ஃபுட்டர்கிஸ்டே. அடுத்த வரியில் இருப்பது மெக்ஸிகோ கடை.

வாடிக்கையாளர் ஃபாரத்தில் 'புது ஆர்டர்' என்று ஒரு பட்டன் வைத்தால், திறக்கும் ஆர்டர் ஃபாரத்துக்கு அது யாருடைய ஆர்டர் என்று எப்படித் தெரியும்? "பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்று விட்டுவிட்டால், அவசரத்தில் ஒரு வரி தள்ளி க்ளிக் செய்தாலே போதும். பெர்லின் சரக்குக்கு மெக்ஸிகோவில் பில்.

இதற்குத்தான் ஓப்பன்ஆர்க்ஸ். ஃபாரத்தைத் திறக்கும் டூகமாண்ட்.ஓப்பன்ஃபார்ம் கட்டளை ஏழு விவரங்களை வாங்கிக்கொள்ளும். முதலாவது ஃபாரத்தின் பெயர். நான்காவது, இருக்கிற பதிவுகளை வடிகட்டும் நிபந்தனை. அது பழைய ஆர்டர்களைக் காட்டும், ஆனால் புது ஆர்டரில் வாடிக்கையாளரை நிரப்பாது. ஏழாவதுதான் ஓப்பன்ஆர்க்ஸ். கடைப் பையன் கையில் துண்டுச் சீட்டு கொடுத்து கிடங்குக்கு அனுப்புவது மாதிரி, வாடிக்கையாளர் கோடை இதில் வைத்து அனுப்பலாம். திறக்கும் ஃபாரம் தன் லோட் நிகழ்வில் அதைப் படித்துக்கொள்ளும்.

படிக்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, சீட்டு இல்லாமலும் ஃபாரம் திறக்கப்படலாம். அப்போது ஓப்பன்ஆர்க்ஸில் இருப்பது நல். அதை நேராக ஒரு ஸ்ட்ரிங் மாறியில் போட்டால் 94ம் எண் பிழை வரும். இஸ்நல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வந்த கோடைக் கட்டத்தில் நேரடியாக எழுதினால் அப்போதே ஒரு பதிவு தொடங்கிவிடும். மனம் மாறி மூடினால்கூட வெற்று ஆர்டர் ஒன்று தங்கிவிடலாம். அதற்குப் பதில் டீஃபால்ட்வேல்யூவில் வைத்தால், ஆள் ஏதாவது டைப் செய்யும் வரை பதிவு உண்டாகாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஆர்டர் ஃபாரம் ஏற்கனவே திறந்து பின்னால் மறைந்திருக்கும்போது மறுபடி ஓப்பன்ஃபார்ம் கொடுத்தால் அது முன்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான். லோட் நிகழ்வு திரும்ப நடக்காது. இப்போதைய வாடிக்கையாளர் மெக்ஸிகோ, கட்டத்தில் நிரம்புவதோ பழைய பெர்லின். எந்தப் பிழைச் செய்தியும் வராது! ஆகவே திறக்கும் முன் பழைய ஃபாரத்தை மூடிவிட வேண்டும். அல்லது டயலாக் முறையில் திறக்க வேண்டும். அப்போது வேலையை முடித்து அதை மூடும் வரை அடுத்த பட்டனை அழுத்தவே முடியாது.

சீட்டில் ஒரே ஒரு மதிப்புதான் எழுதலாம். கோடும் தேதியும் இரண்டுமே வேண்டுமென்றால் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ஒட்டி அனுப்பி, அந்தப் பக்கம் ஸ்ப்ளிட் கொண்டு பிரிக்கலாம்.

இதெல்லாம் எதற்கு, முதல் ஃபாரத்தின் கட்டத்தை இரண்டாவது ஃபாரமே எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஆனால் முதல் ஃபாரம் மூடியிருந்தால் எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது, பிழைதான் வரும். சீட்டு கையில் இருந்தால் அதை யார் கொடுத்தார்கள் என்பது முக்கியமில்லை. எந்த ஃபாரத்திலிருந்து திறந்தாலும் ஆர்டர் சரியான பேரேட்டுப் பக்கத்தில் போய் உட்காரும்.