செவிப் பரிசோதனை அறைக் குறிப்புகள்

"தட்டைத் தட்டினா திரும்புறாளேம்மா. காது கேக்கலேன்னு எப்படிச் சொல்றீங்க?"

பாட்டி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் பையில் போட்டே கொண்டுவந்திருந்தார். என் முன்னால் தட்டிக் காட்டினார். பேத்தி திரும்பினாள். பிறகு தட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் போய், என் நிழல் அவள்மேல் விழாமல், கை மேசையில் படாமல் தட்டினேன். மூன்று முறை. பொம்மையை விட்டு அவள் தலை நிமிரவில்லை. பாட்டி தட்டை வாங்கி, சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார்.

பாட்டி சொன்னதில் பொய் இல்லை. பிள்ளை திரும்பத்தான் செய்தாள். கை ஓங்கும் அசைவு, சுவரில் ஓடும் நிழல், தரை வழியாகக் காலில் ஏறும் அதிர்வு, கதவைச் சாத்தும்போது முகத்தில் படும் காற்று, இவை எல்லாம் அவளுக்குக் காதாக இருந்தன. கேட்காத பிள்ளைகளுக்குக் கண் கூர்மை. அந்தக் கூர்மைதான் வீட்டாரை ஏமாற்றுகிறது.

கோப்பில் வயது என்ற கட்டத்தில் எழுதினேன்: 3 வருடம் 2 மாதம்.

*

அந்த மூன்று வருடத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாராம்." "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டாச் சரியாயிடும்." "வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்குல தடவு." "ஸ்கூல்ல போட்டா மத்த பிள்ளைகளைப் பாத்துப் பேசிடுவா."

எல்லோரும் அன்போடுதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லா ஆறுதலுக்கும் விலை நாட்கள்.

சீர்காழியை ஒட்டிய திருக்கோலக்காவுக்கும் போய்வந்திருக்கிறார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஒலி கொடுத்தவள் அங்குள்ள அம்பாள். ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளை அவள் சந்நிதிக்குக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். "போனது தப்பாம்மா?" என்று பிள்ளையின் அம்மா கேட்டாள். தப்பே இல்லை. அதே வாரத்தில் இங்கேயும் வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

*

எழுதிவைக்க வேண்டியது: கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் சத்தம் போடும். அழும், சிரிக்கும், 'ங்கா' சொல்லும். ஐந்தாறு மாதம்வரை பெரிய வித்தியாசம் தெரியாது. கேட்கும் குழந்தை தன் குரலைத் தானே கேட்டு 'பபப', 'தத்தத்தா' என்று அடுக்கத் தொடங்கும் பருவத்தில், கேட்காத குழந்தையின் குரல் மெல்ல வற்றுகிறது. "அப்பல்லாம் நல்லாச் சத்தம் போட்டா, இப்பத்தான் அமைதியாயிட்டா" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்கும்.

அம்மாக்களுக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்: பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் சத்தம் வந்த பக்கம் தேட வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். இரண்டு வயதில் 'பால் தா', 'அம்மா வா' என இரண்டு சொல் சேர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பரிசோதனை. காத்திருப்பது இல்லை.

*

'ஊமை' என்ற சொல்லை இந்த அறைக்குள் யார் சொன்னாலும் திருத்துகிறேன். அந்தச் சொல் பழியை நாக்கின்மேல் போடுகிறது. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காது வழியாக உள்ளே போகாத மொழி வாய் வழியாக எப்படி வெளியே வரும்?

*

காது ஒலிக்கவும் செய்யும். 1978-ல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் கண்டறிந்தது. உட்செவியின் நத்தைச் சுருளில் வெளிப்புறமாக நிற்கும் மயிர்ச்செல்கள், ஒலி பட்டதும் தாமும் அசைகின்றன. அந்த அசைவு எதிரொலியாகத் திரும்பி வருகிறது. ஓஏஇ பரிசோதனை இதை வைத்துத்தான். சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' என்று ஒலி போகும். எதிரொலியைக் கருவி பிடிக்கும். ஊசி இல்லை, வலி இல்லை. பிள்ளை பால் குடித்துத் தூங்கினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். ரெஃபர் என்றதும் அழுதுவிடுகிறார்கள். அது தீர்ப்பு ஆகாது. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் மாவும் இருந்தாலே அப்படி வரும். மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவே. 'மறுபடி' என்று சொல்லி அனுப்பியவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லை. அவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

*

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தை, இன்குபேட்டரில் நாள் கணக்காக இருந்த குறைமாதக் குழந்தை, இவர்களுக்கு ஓஏஇ மட்டும் போதாது. மயிர்ச்செல் நன்றாக இருந்து, நரம்பு பழுதாகியிருக்கலாம். எதிரொலி வரும், செய்தி மூளைக்குப் போகாது. தலையில் மின்முனை ஒட்டி எடுக்கும் பெரா டெஸ்ட் அவசியம்.

உலகம் முழுக்க எங்கள் துறையில் ஒரு கணக்கு: 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் மொழி, பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னே நிற்கிறது என்று அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998-ல் காட்டினார்கள்.

*

எதனால்? எல்லாப் பெற்றோரும் கேட்பது. "கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன், அதனாலயா?" என்று அந்த அம்மா கேட்டாள். இல்லை.

அவளுக்குத் தாய்மாமனே கணவர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். கேட்கும் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை அவளிடம் சொல்லும்போது, குற்றம் சாட்டுவதாக ஒரு சொல்கூட விழக்கூடாது என்று கவனமாக இருந்தேன். அந்தக் கல்யாணத்தை அவள் முடிவு செய்யவில்லை.

*

இன்னொரு காரணம், ருபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்துபோகும் லேசான காய்ச்சல், சிவந்த தடிப்பு. அவளுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடும். 1941-ல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பைப் பிடித்தார். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய பயத்தைப் பார்த்து நொந்தவள் நான். ஒவ்வொரு ஊசியும், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் காதுக்குக் காவல்.

பொன்னுக்கு வீங்கி வேறு. அது பெரும்பாலும் ஒரு காதைக் கொண்டுபோகும். பையன் பள்ளிக்கூடம் போவான், பேசுவான். போனை எப்போதும் ஒரே காதில் வைப்பதை யாரோ கவனிக்கும்வரை தெரியாது.

காதில் சீழ் வடிந்தால் "பல் முளைக்குது" என்று விடுவதும், சூடான எண்ணெய் ஊற்றுவதும் இன்றும் நிற்கவில்லை. குழந்தைகளின் செவித்திறன் இழப்பில் நூற்றுக்கு 60 பங்கு தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி, நல்ல பிரசவம், சீழுக்கு உரிய நேரத்தில் மருந்து. இவ்வளவு அருகில் இருக்கிறது தடுப்பு.

*

பெரியவர்கள் பக்கம்.

தவில் வாசிப்பவர் ஒருவர் வந்தார். "கேக்குதும்மா, புரியலை." இந்த வாக்கியத்தை நூறு பேர் வாயில் கேட்டிருக்கிறேன். ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம். இரைச்சல் தோண்டும் பள்ளம் அங்கேதான் விழும். உயிரெழுத்து கேட்கும், 'ச', 'த', 'ப' கரைந்துபோகும். விசைத்தறிக்காரர், அரவை மில்காரர் எல்லோருக்கும் இதே படம். போன மயிர்ச்செல் மறுபடி முளைக்காது.

மருந்தாலும் போகும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின். இவை முதலில் உச்ச ஒலிகளைத் தின்னும்; நோயாளிக்குத் தெரியாது. கானாமைசின் இனி வேண்டாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. உயிர் காக்க இப்படிப்பட்ட மருந்து வேண்டிவந்தால், தொடங்கும் முன் ஒரு சோதனை, நடுவில் ஒன்று. காதில் இரைச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மா வழிச் சொந்தத்தில் ஊசி போட்டபின் காது போனவர்கள் உண்டா என்றும் கேட்கிறேன். ஒரு மரபணு மாற்றம் தாய் வழியாகவே இறங்கும், அதுள்ளவர்களுக்குச் சில ஊசிகளே போதும்.

காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று அடைத்துவிட்டால் "சளி", "அழுக்கு" என்று நினைத்து ஒரு மாதம் கழித்து வருகிறார்கள். அது அவசரம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

*

அந்தச் சிறுமிக்கு மெஷின் போட்டோம், போதவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு எழுதினோம். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆனால் மூளையின் கேட்கும் பகுதி மூன்றரை வயதுக்குப் பின் இறுகத் தொடங்கிவிடுகிறது. கையில் நாலே மாதம்.

காத்திருந்த நாட்களில் வீட்டாருக்கு சைகை சொல்லிக்கொடுத்தேன். "சைகை பழகினா பேச்சு வராதுன்னாங்களே?" அப்படி இல்லை. சைகை பேசும் பெற்றோரின் கேட்காத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன. 1991-லேயே வெளியான ஆய்வு. பிள்ளைக்கு வேண்டியது மொழி. அது காதில் வந்தாலும் சரி, கண்ணில் வந்தாலும் சரி, காலத்தில் வர வேண்டும்.

ஒரு நாள் அவள் பாட்டியின் காலிப் பையைக் காட்டி, விரலை அசைத்து, புருவத்தைத் தூக்கினாள். தட்டு எங்கே? அவள் கேட்ட முதல் கேள்வி. தமிழில் கேட்பதற்கும் வினவுவதற்கும் ஒரே சொல் வைத்தவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருப்பார்கள்.

*

இன்று அதே அம்மா வந்தாள். கையில் துணியில் சுற்றிய சின்னது. அறுவை முடிந்த பெரியவள், தலையில் கருவியோடு, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பால் கொடுத்துத் தூங்க வச்சே கொண்டாந்தேன் மேடம்" என்றாள்.

வலது காது: ரெஃபர். இடது: ரெஃபர். மறுபடியும் பார்த்தேன், அதேதான். பெரா டெஸ்டுக்குத் தேதி எழுதினேன். அவள் அழவில்லை. "அப்ப ஆறு மாசத்துக்குள்ள மெஷின் போட்டுடலாமில்ல?" என்று கேட்டாள்.

போட்டுவிடலாம். புதுக் கோப்பை எடுத்தேன். வயது என்ற கட்டத்தில் எழுதினேன்: 19 நாள்.