எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி ஒரு கிராமம். தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் அவள் பேரனை அங்கன்வாடியில் விட்டு வரும் வேலை எனக்கு. வாசலில் ஒரே சத்தம்.

சின்ன வெங்காயம் பிடுங்கும் நேரம். ரோட்டில் ஆள் ஏற்றும் வண்டி ஹார்ன் அடிக்கிறது. ஓர் இளம் அம்மா, இடுப்பில் மூன்று வயசுப் பையன், கையில் சிரப் பாட்டில்.

''ராத்திரியெல்லாம் காய்ச்சல் டீச்சர். இதுல ஒரு மூடி ஊத்திவிட்டுடுங்க.''

டீச்சர் பாட்டிலை வாங்கவில்லை. ''டாக்டர் சீட்டு எங்கம்மா? எவ்வளவு கொடுக்கச் சொன்னாங்க? கடைசியா எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?''

''நான் எங்க கொடுத்தேன்? ஒரு மூடி மருந்துக்கு இத்தனை கேள்வியா?''

டீச்சர் பதில் பேசாமல் அந்த வீட்டுக்கு போன் போட்டார். அப்பாயி எடுத்தது. ''ஏழரைக்குத்தான் ஒரு மூடி ஊத்துனேன் தாயி. புள்ளைக்கு அனலா கொதிச்சுது...''

அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டி, போகச் சொன்னார். அன்றைய கூலி போச்சு. பையனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம் நடந்தார்.

உங்களுக்கு டீச்சர் மேல் கோபம் வருகிறதா? எனக்கு வரவில்லை. காரணம், இதே கேள்வி என்னிடமும் ஒருமுறை கேட்கப்பட்டிருக்கிறது.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயசு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சளி மருந்தை நான் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். நான் கொடுத்தது தெரியாமல் அவளும் ஒரு ஸ்பூன். கிரெஷ்ஷில் மதியம் இன்னொன்று. சாயங்காலம் போய் எழுப்பினால் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரின் முதல் கேள்வி: ''எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?'' நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடவுள் புண்ணியத்தில் ராத்திரி விழித்துக்கொண்டாள்.

மூடி, ஸ்பூன் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப், ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100! சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஒரு மூடி ஊற்றினால் என்ன ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2001 நவம்பரில் அஸ்ஸாமில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். வழக்கமாகத் தரும் 2 மில்லி ஸ்பூனுக்குப் பதிலாக 5 மில்லி பிளாஸ்டிக் கப். ஏராளமான குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சில குழந்தைகள் இறந்தார்கள். மருந்துதான் காரணமா என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

அந்த டீச்சரிடம் அப்புறம் பேசினேன். ''பூச்சி மாத்திரை நாங்களே கொடுக்கறோம் சார். ரெண்டு வயசுக்குள்ள அரை மாத்திரை, அதுக்கு மேல ஒண்ணு. கண்ணெதிர்ல கொடுத்து நோட்டுல எழுதணும். காய்ச்சல் புள்ளைக்கு அன்னிக்குக் கிடையாது. கவர்மென்ட் மருந்துக்கே இவ்ளோ இருக்கு. வீட்டு மருந்தை எப்படிக் கண்ணை மூடிக்கிட்டு ஊத்தறது?''

என் பாட்டி ஞாபகம் வந்தது. கல்லில் ஜாதிக்காய், மாசிக்காய் உரசி, சங்கில் புகட்டுவாள். அந்த மருந்தெல்லாம் தேவையா இல்லையா என்பதை டாக்டர்கள் சொல்லட்டும். ஆனால் எதை எத்தனை உரசல் என்று வாய்விட்டு எண்ணுவாள். நடுவில் பேசினால் திட்டு விழும். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

நமக்குத்தான் எழுதத் தெரியுமே! வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுத்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணி என்று எழுதி, டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள். பாட்டிலோடு வந்த அளவு மூடியைத் தொலைக்காதீர்கள். மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பாதீர்கள்.

மறுநாள் காலை அந்த அம்மா மறுபடி வந்தார். பையனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. டீச்சரிடம் ஒரு சீட்டை நீட்டினார். அதன் பின்பக்கம் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வரி:

'அப்பாயி 6 மணி. நான் குடுக்கல.'