எத்தனை சிகரெட்?

மனிதன் வயதைக் குறைத்துச் சொல்வான். வருமானத்தைக் குறைத்துச் சொல்வான். சிகரெட் கணக்கையும் குறைத்தே சொல்வான் என்பதைச் சென்ற ஆண்டு நாமே மெய்ப்பித்தோம்.

வேறொரு காரணத்துக்காக வைத்தியரிடம் சென்றிருந்தோம். எமக்கு அப்போது வயது 54. புகைப் பழக்கம் உண்டோவென வினவினார். விட்டு ஒன்பது வருடங்கள் ஆயிற்றென்று பெருமையுடன் பகர்ந்தோம். “அதற்கு முன் நாளொன்றுக்கு எத்தனை?” என்றார். “ஐந்தாறு இருக்கும்” என்றோம். அருகிலிருந்த துணைவியார் விட்டாரா? “இவர் சொல்லுறது பொய், டொக்டர். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி முடியும். வெறும் பெட்டியளை எறிஞ்சது நானெல்லோ!” என்றார்.

வைத்தியர் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டார். இருபது சிகரெட் கொண்ட பெட்டி நாளுக்கொன்று வீதம் ஓராண்டு புகைத்தால் அது ஒரு ‘பெட்டி வருடம்’. நாம் புகைத்தது 22 வருடம். அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, 50 முதல் 80 வயது வரையுள்ளோர் 20 பெட்டி வருடங்களுக்குக் குறையாது புகைத்து, இன்னும் விடாதவராயினும், விட்டு 15 வருடங்கள் கடவாதவராயினும், நோய்க்குறி எதுவும் இல்லாதபோதே ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.ரி. ஸ்கான் எடுத்தல் நன்று. எமது பொய்க் கணக்கில் வந்ததோ ஏறக்குறைய ஆறு. அப்பொய் நிலைத்திருந்தால் ஸ்கான் என்ற பேச்சே எழுந்திராது.

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்போர் லண்டன் வைத்தியசாலைகளில் நோயாளரிடம் இதையே கேட்பித்து, விடையை 1950 இல் வெளியிட்டனர். நுரையீரற் புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகையாதவர் இருவரே. வீதித் தாரே காரணமாகலாமென ஐயுற்றிருந்த டோல், தம் ஆய்வின் முடிவைக் கண்டு தாமும் சிகரெட்டைக் கைவிட்டார்.

53,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோரிலும் பார்க்க ஸ்கான் எடுத்தோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் 20 வீதம் குறைந்திருந்தது. ஆயினும் ஸ்கான் வீண் அச்சமும் ஊட்டும். அவ்வாய்வில் ஐயத்துக்கிடமாகத் தென்பட்டவற்றுள் நூற்றுக்கு 96 புற்றுநோயல்ல.

எமது படத்திலும் சிறு புள்ளியொன்று தென்பட்டது. ஆறு மாதத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டுமென்றனர். அந்த ஆறு மாதமும் எம் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. இரண்டாம் படத்தில் புள்ளி வளர்ந்திருக்கவில்லை.

அன்பர்களே, புகையாதாருக்கும் இந்நோய் வரலாம். அஸ்பெஸ்ரஸ் தூசு, ரேடன் வாயு, குடும்பத்தில் முன்னர் இந்நோய் கண்டிருத்தல் என்பனவும் ஆபத்தைக் கூட்டுவன. நீடித்த இருமலோ, சளியில் இரத்தமோ கண்டவர் எக்கணக்கும் பாராது உடனே வைத்தியரை நாடல் வேண்டும். ஏனையோர், அவர் ‘எத்தனை?’ என்று கேட்கும்போது உள்ளதை உள்ளபடி உரையுங்கள். கூச்சமாயின், துணைவியாரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.