பிள்ளைகள் கீறியதைப் பார்க்க வாருங்கள்

எங்கள் பகுதியில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளையின் வாப்பாவைப் பாடசாலைக்கு அழைக்கிறார்கள் என்றால் ஏதோ முறைப்பாடு என்றுதான் அர்த்தம். பிள்ளை வாசிக்கிறானில்லை, வீட்டுவேலை செய்கிறானில்லை, பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டான். இவற்றில் ஒன்று. அந்த வாப்பாமாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. சுப்ஹுக்கு முன் வாவியில் தோணி தள்ளுகிறவருக்கும் இரவு பத்து மணிக்குக் கடை பூட்டுகிறவருக்கும் மகனின் கொப்பியைப் புரட்ட எங்கே நேரம்?

முறைப்பாடு இல்லாமல் அவர்களை ஒருநாள் அழைத்தால் என்ன என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. சித்திரக் கண்காட்சி வைப்போம் என்றேன். இஸ்லாம் பாடம் நடத்தும் மௌலவியா சித்திரத்தைப் பற்றிப் பேசுவது என்று ஓர் ஆசிரியை சிரித்தார். சிரித்தவரே பின்னர் பாதிச் சுமையைத் தூக்கினார்.

முதலில் மாதிரிக்குக் கீறச் சொன்னோம். வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஓட்டு வீடு. வாசகர்களே, மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கே மலை இருக்கிறது? சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். நடுவில் எல்லாம் மணல்தரை. எங்கோ பார்த்த படத்தைப் பார்த்து அக்கா கீற, அக்காவைப் பார்த்துத் தம்பி கீற, மலை பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஆகவே தலைப்பை மாற்றினோம்: “இன்று பாடசாலைக்கு வரும் வழியில் கண்டதைக் கீறு.” வகுப்பறையிலேயே கீற வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. கொண்டு போனால் உம்மாவும் மாமியும் சேர்ந்து ‘திருத்தி’ அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட கண்காட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்குவது பிள்ளை, வேலை பெரியவருடையது. நாங்கள் பரிசே வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் படமும் தொங்கும் என்று அறிவித்தோம்.

மலைகள் மறைந்தன. ஆற்றுவாழைக்குள் சிக்கிய தோணி வந்தது. வீதி நடுவே நிற்கும் பேரீச்சை மரங்கள் வந்தன. பள்ளி மினாராவும், மதிலில் ஏறி நிற்கும் ஆடும், ஐஸ்பழம் விற்பவரின் சைக்கிளும் வந்தன.

ஜும்ஆவுக்குப் பின் ஒரு பெரியவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். “மௌலவி, உருவம் கீறாதே என்று சொல்ல வேண்டிய நீங்களே இதை நடத்துறீங்களா?” நியாயமான கேள்வி. உருவம் வரைவோர் பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்களில் உண்டு. அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரழி) வழி காட்டியது புகாரியில் வருகிறது. ஆயிஷா (ரழி) சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்காததும் புகாரியில் வருகிறது. சிறுபிள்ளை கீறுவதை எதனோடு சேர்ப்பது என்பதில் உலமாக்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. இரண்டையும் சொன்னேன். “ஆளைக் கீறு, மிருகத்தைக் கீறு என்று நாங்கள் கேட்கவில்லை ஹாஜியார். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ஒரு மூலையில் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக உம்மாவைக் கீறிவிட்டால், அதை அழி என்று என்னால் சொல்ல முடியாது.” அவர் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் பேரனோடு வந்தார்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று என் மனைவியும் கேட்டார். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது நான் ஆரம்ப வகுப்புப் பிள்ளை. எங்கள் கண்ணில் பட்டதை யாரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கே வாய் அடைத்திருந்த காலம். பின்னர் 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் முன்னின்று தொடங்கியது அது. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி, வர்ணமும் களிமண்ணும் கொடுத்து, கதை சொல்ல வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. தாளும் வர்ணமும் கொடுத்து “நீ கண்டதைக் கீறு” என்று சொல்வது சின்னக் காரியம் அல்ல என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான்.

காலையில் தாய்மாருக்கு, அஸருக்குப் பின் தகப்பன்மாருக்கு என்று நேரம் பிரித்தோம். மண்டபத் தூண்களுக்கிடையே தும்புக்கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் டிமைத் தாள்களைத் தொங்கவிட்டோம். பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கவிட்டதால் பெரியவர்கள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கச்சான் காற்று நாள் முழுக்கத் தாளை அடித்துக்கொண்டே இருந்தது. நாலு படங்கள் கிழிந்தன. பின்பக்கம் டேப் ஒட்டினோம்.

தரம் 4இல் ஒரு பையன். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுவான். அவனுடைய வாப்பா வீச்சுவலைக்காரர். வாசலிலேயே நின்று, “மௌலவி, இந்த முறை என்ன செய்தான்?” என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். மகன் கீறியிருந்தது ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். ஆசிரியர்கள் எங்களுக்கு அது பூவா, சூரியனா என்று விளங்கவில்லை. அவர் குனிந்து விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

“இது வலை, மௌலவி. வீசி விரிஞ்சு தண்ணியில விழப்போற நேரம். இதெல்லாம் ஈயமணி. இவ்வளவு கிட்டக் கிட்ட நான் மட்டுந்தான் கட்டுவன். இவன் இத எப்ப பார்த்தான்?”

பையன் தூணுக்குப் பின்னால் நின்றான். வாப்பா அவனைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தில் மணிகள் குறைவாக இருப்பதைக் காட்டி ஏன் என்று கேட்டார். “அந்தப் பக்கம் அறுந்திருந்திச்சே வாப்பா” என்றான். உண்மைதானாம்.

மறுநாள் எல்லாப் படங்களையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தோம். அந்த வலைப்படத்தை மட்டும் அவனுடைய வாப்பா அன்று மாலையே கேட்டு வாங்கி, சாரத்தில் சுருட்டி மறைத்துக்கொண்டு போனார், காற்றுக்குக் கிழியாமல்.

தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சையைக் காரணம் காட்டிப் பெற்றார் விலக்கி வைத்திருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று வைக்கும்படி இப்போது அவர்களே கேட்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், மாரி மழை பிடிக்குமுன் வைக்க வேண்டும். கயிறும் கிளிப்பும் அலுமாரியில் இருக்கின்றன. டிமைத் தாள்தான் வாங்க வேண்டும்.